வாசகர் கேள்வி – பதில்: ஃப்ரீஸ்லாந்து ஏரிகளில் வாடகைப் படகு

நெதர்லாந்தின் வடக்கே உள்ள ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் ஏரிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அங்கே தாமே படகோட்டிச் செல்ல விரும்பும் வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். அவற்றுள் பொதுவாகப் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

நான் எய்ந்தோவன் நகரில் பணிபுரிகிறேன். கார் ஓட்டும் உரிமம் மட்டுமே என்னிடம் உள்ளது. சுக்கானைத் தொட்டதுகூட இல்லை. மனைவி, இரு பிள்ளைகளுடன் ஒரு வாரம் படகில் தங்கிச் சுற்ற எனக்கு அனுமதி கிடைக்குமா?

தாராளமாகக் கிடைக்கும். 15 மீட்டருக்குக் குறைவான நீளமும், மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓட இயலாத எஞ்சினும் உள்ள படகுக்கு நெதர்லாந்தில் ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. இதில் ‘இயலாத’ என்ற சொல்லைக் கவனியுங்கள்: வேகமாக ஓடக்கூடிய படகை நீங்கள் மெதுவாகத்தான் ஓட்டினீர்கள் என்பது சட்டத்தின் முன் எடுபடாது. படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு குடும்பங்களுக்கு வாடகைக்குக் கிடைக்கும் எஃகுப் படகுகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் அடங்கிவிடுகின்றன.

உரிமம் வேண்டாம் என்பதால் விதிகளும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கால்வாயின் வலப்பக்கம் ஒட்டிச் செல்ல வேண்டும். 20 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்களுக்குச் சிறு படகுகள் வழிவிட்டாக வேண்டும். சுக்கான் பிடிப்பவரின் இரத்தத்தில் மது, கார் ஓட்டுபவருக்கு உள்ளது போலவே, லிட்டருக்கு அரை கிராமைத் தாண்டக் கூடாது. கால்வாய்க்குக் கால்வாய் வேக வரம்பு மாறும். கரையோரப் பலகையில் உள்ள எண்ணைப் பார்த்துக்கொண்டே செல்லுங்கள்.

படகோட்டக் கற்பது கடினமன்று. கார் ஓட்டிய பழக்கத்தை மறப்பதுதான் கடினம். காரின் முன்பகுதி திரும்பினால் பின்பகுதி அதைத் தொடர்ந்து வரும். படகிலோ சுக்கானைத் திருப்பியதும் விலகிச் சுழல்வது பின்பகுதியே. துறையை ஒட்டி நிற்கும்போது முன்முனையை அவசரமாக வெளியே திருப்பினால் பின்முனை துறையில் இடிப்பது இதனால்தான். பிரேக்கும் கிடையாது, பின்னோக்கிய கியரைப் போட்ட பிறகும் படகு சற்றுத் தூரம் நழுவிச் சென்றே நிற்கும். படகைத் தரும்போது ஊழியர் செய்துகாட்டுவதைப் பார்த்ததோடு விட்டுவிடாமல், அவர் அருகில் நிற்கும்போதே இரண்டு மூன்று முறை நீங்களே கரைசேர்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

ஃப்ரீஸ்லாந்தின் புகழ்பெற்ற பதினொரு நகரங்களையும் ஒரே வாரத்தில் படகிலேயே பார்த்துவிட முடியுமா? மொத்தத் தூரம் 200 கிலோமீட்டர்தான் என்று படித்தேன்.

அந்தத் தூரம், உறைந்த கால்வாய்களின் மீது நடைபெறும் ‘எல்ஃப்ஸ்டேடன்டொஃக்ட்’ என்னும் பனிச்சறுக்கு ஓட்டத்தின் தூரம். 1997-க்குப் பிறகு பனிக்கட்டி போதிய தடிமனில் உறையாததால் அது நடைபெறவே இல்லை. சறுக்கி ஓடியவர்களுக்குப் பாலங்கள் ஒரு பொருட்டல்ல, அடியில் குனிந்து போய்விடுவார்கள். உங்களுக்கோ பயணமே பாலங்களைப் பொறுத்ததுதான். ஆகவே வரைபடத்தைக் கிலோமீட்டரைக் கொண்டு அளக்காமல் முதலில் பாலங்களை எண்ணுங்கள் என்பதே என் அறிவுரை.

பாலங்கள் இரு வகை. திறக்காத பாலத்தின் அடியில் உங்கள் படகின் உயரம் நுழையுமா என்று பார்க்க வேண்டும். நுழையாவிட்டால் அந்த வழியே உங்களுக்கு இல்லை. திறக்கும் பாலம் என்றால், அதைத் திறப்பவரின் வேலை நேரத்துக்குள் அங்கே சென்றுசேர வேண்டும். சுற்றுலாப் பருவத்தில் காலை முதல் மாலை வரை திறப்பார்கள் என்றாலும், பல பாலங்களில் நண்பகல் உணவு இடைவேளை உண்டு. சாலையில் நெரிசல் மிகும் நேரத்திலும் சில பாலங்கள் திறப்பதில்லை. பன்னிரண்டு மணி அடித்து இரண்டு நிமிடம் கழித்து ஒரு பாலத்தடிக்குப் போய்ச் சேர்ந்து, காவலர் நிதானமாகக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் போவதைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் நான் நின்றிருக்கிறேன்.

விளக்குகளைப் படிப்பது எளிது. சிவப்பு எரிந்தால் காத்திருக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் பாலம் திறக்கப்போகிறது, கயிற்றை அவிழ்த்துத் தயாராகலாம். பச்சை வந்ததும் புறப்படலாம். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சிவப்பு எரிந்தால் அந்தப் பாலம் இப்போது இயக்கத்தில் இல்லை என்று பொருள். வீணாகக் காத்திருக்காமல் கரையில் கட்டிவிட்டு ஊருக்குள் நடந்துவிட்டு வாருங்கள்.

சில ஊர்களில் பாலம் கடக்கச் சில யூரோ கட்டணம் உண்டு. அதை வாங்கும் பழைய முறையைக் கண்டால் பிள்ளைகள் நெடுநாள் மறக்க மாட்டார்கள். காவலர் மேலிருந்து தூண்டில் கோல் ஒன்றை நீட்டுவார். அதன் நுனிக் கயிற்றில், கட்டையைக் குடைந்து செய்த டச்சு மரச்செருப்பு ஒன்று ஆடிக்கொண்டு வரும். படகு நகர்ந்துகொண்டே இருக்கும். முன்தளத்தில் நிற்பவர் செருப்புக்குள் நாணயத்தைப் போட வேண்டும். ‘டொக்’ என்று கட்டையில் காசு விழுந்ததும் கோல் மேலே போய்விடும். சில்லறையை முன்கூட்டியே கையில் எடுத்து வைத்திருங்கள். பின்னால் வரும் படகுகளைக் காக்க வைத்துக்கொண்டு பணப்பையைத் துழாவுவது அழகல்ல.

இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டால், ஒரு வாரத்திற்குத் தென்மேற்கு ஏரிகளே போதும். ஸ்நேக் நகரில் புறப்பட்டு ஐல்ஸ்ட் வழியாக ஹேக் போகலாம். பன்னாட்டு நீதிமன்றம் இருக்கும் ஹேக் அல்ல இது, பாய்மரப் படகுகளுக்குப் பெயர்பெற்ற சிற்றூர். அங்கிருந்து வவுட்ஸெண்ட் ஊரைக் கடந்து ஸ்லோட்டன், பிறகு லெம்மர், திரும்பும்போது தியோக்கமேர் ஏரியைக் கடந்து லாங்வேர் வழியே மீண்டும் ஸ்நேக். மொத்தம் 100 கிலோமீட்டருக்கும் குறைவு; நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஓட்டினால் மிகுதியான பொழுது உங்களுடையது. பதினொரு நகரங்களில் மூன்றுதான் இதில் வரும் என்று வருந்த வேண்டாம். ஸ்நேக்கில் 1613-இல் கட்டிய இரட்டைக் கோபுர நீர்வாயிலும், ஆயிரம் பேர்கூட வசிக்காவிட்டாலும் ‘நகரம்’ என்ற பட்டத்தை விட்டுக்கொடுக்காத ஸ்லோட்டனின் மரங்கள் வரிசையிட்ட கால்வாயும், அவசரமாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் எட்டு ஊர்களைவிட மேலானவை.

இரவில் படகை எங்கே கட்டுவது? ஒவ்வொரு நாளும் துறைமுகக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்குமா?

ஊர்த் துறைகளில் படகின் நீளத்தைப் பொறுத்துக் கட்டணம் வாங்குவார்கள். குடிநீர், மின்சாரம், குளியலறை அங்கே கிடைக்கும். இதைத் தவிர, 1957-இல் தொடங்கப்பட்ட ‘மாரெக்ரீட்டெ’ என்னும் பொது அமைப்பு, ஏரிக்கரைகளிலும் சிறு தீவுகளிலும் ஏறத்தாழ 3,500 படகுகள் கட்டுமளவுக்கு இலவச மேடைகளைப் பராமரித்து வருகிறது. அவற்றில் தொடர்ந்து மூன்று நாள் வரை தங்கலாம். மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ அங்கில்லை. நாணலும், நீர்ப்பறவைகளின் சத்தமும், பலகைக்கு அடியில் நீர் மோதும் ஒலியும்தான். இரண்டு இரவு இத்தகைய மேடையிலும் ஓர் இரவு ஊர்த் துறையிலுமாக மாற்றி மாற்றித் தங்கினால் தண்ணீர்த் தொட்டியும் நிரம்பும், மனமும் நிறையும். கழிப்பறைக் கழிவை நீரில் விடுவது 2009 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. அதற்கான தொட்டியைத் துறைகளில் உள்ள உறிஞ்சு குழாயில்தான் காலி செய்ய வேண்டும்.

வாடகை ஒப்பந்தத்தில் எதை முக்கியமாகப் பார்க்க வேண்டும்?

விளம்பரத்தில் காணும் தொகை வாடகை மட்டுமே. முன்பணம், இறுதியில் துப்புரவுக் கட்டணம், எஞ்சின் ஓடிய மணிநேரத்தைக் கொண்டு கணக்கிடப்படும் டீசல் ஆகியவை தனி. காப்பீட்டில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பல ஒப்பந்தங்கள் காற்று மிகும்போது படகை எடுப்பதையும், ஐசல்மேர் பெரு ஏரிக்குள்ளும் வாட்டன் கடலுக்குள்ளும் செல்வதையும் தடுக்கின்றன. அந்தத் தடைக்குக் காரணம் உண்டு. உள்நாட்டு ஏரிகளேகூட இரண்டு மீட்டருக்குள் ஆழம் கொண்டவை என்பதால், காற்று வலுத்தால் நீண்ட அலைகளுக்குப் பதில் குட்டையான, செங்குத்தான அலைகள் எழுந்து படகைக் குலுக்கும்.

புறப்படுமுன் படகை ஒருமுறை சுற்றி வந்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை நான் படகு எடுத்த இடத்தில், வலப்புறம் ஏற்கெனவே இருந்த ஒரு சாண் நீளக் கீறலைக் குறிக்காமல் கையெழுத்திட்டுவிட்டேன்; ஒரு வாரம் கழித்து அந்தக் கீறல் என் முன்பணத்திலிருந்து கழிந்தது.

என் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது. அழைத்துச் செல்லலாமா?

அழைத்துச் செல்லலாம், ஆனால் தளத்தில் நிற்கும் நேரம் முழுவதும், படகு கட்டியிருக்கும்போதும்கூட, உயிர்காப்புச் சட்டை அவர்கள் உடலில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் எடைக்கு ஏற்ற அளவுச் சட்டையை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். கரைசேரும் நேரத்தில் படகுக்கும் துறைக்கும் இடையே கையையோ காலையோ வைத்துத் தடுக்க எவரும் முயலக் கூடாது. அதற்குத்தான் பக்கவாட்டில் ரப்பர் உருளைகள் தொங்குகின்றன.

ஏரிகளும் கால்வாய்களும் இவ்வளவு இருந்தும் அவற்றில் நீரோட்டமே இல்லையாமே, அது எப்படி?

ஃப்ரீஸ்லாந்தின் பெரும்பகுதி நீர்நிலைகள் ஒன்றோடொன்று இணைந்து, கடல் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரே மட்டத்தில் பேணப்படுகின்றன. மிகையான மழைநீரை மதகுகளும் இறைப்பு நிலையங்களும் வெளியேற்றுகின்றன. அவற்றுள் ஒன்றை உங்கள் வழியிலேயே பார்க்கலாம்: லெம்மர் அருகே 1920-இல் தொடங்கப்பட்ட வவுடஃகெமால், நிமிடத்துக்கு 40 லட்சம் லிட்டர் நீரை வெளியேற்ற வல்ல நீராவி இறைப்பு நிலையம். 1998 முதல் அது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். நீர்மட்டம் மிகவும் உயரும்போது கொதிகலனை இன்றும் மூட்டுகிறார்கள்.

எந்த மாதத்தில் போகலாம்?

மே இறுதி, ஜூன், செப்டம்பர் முதல் பாதி ஆகியவற்றை நான் பரிந்துரைப்பேன்; வாடகையும் கோடை விடுமுறைக் காலத்தைவிடக் குறையும். ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும் பழைய சரக்குப் பாய்மரப் படகுகளின் ‘ஸ்கூட்சே’ போட்டிகளும், ஸ்நேக்கில் ‘ஸ்நேக்வேக்’ என்னும் பாய்மர விழாவும் நடைபெறும். காண அருமையானவைதான்; ஆனால் புதிதாகச் சுக்கான் பிடிப்பவர் நூற்றுக்கணக்கான பாய்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பாய்மரத்துக்கு எஞ்சின் படகு வழிவிட வேண்டும் என்பதால் அந்த வாரங்களில் ஸ்நேக்கர்மேர் ஏரியில் உங்கள் வேலை வழிவிடுவதாகவே இருக்கும். விழாவைப் பார்த்தே தீர வேண்டுமென்றால், படகை முந்தைய நாள் நண்பகலுக்குள் அடுத்த ஊரில் கட்டிவிட்டு, மிதிவண்டியில் கரைக்குச் சென்று பாருங்கள்.