அரசியல் பேச வராது, கணினி தெரியும். எதிரெதிர்க் கட்சிக்காரர்களைப் பேச வைக்கும் குழுவில் எனக்கு என்ன வேலை இருக்கும்?

நிறைய இருக்கிறது. நீங்கள் இளைஞர், குழுவில் பாதிப் பேர் உங்கள் அப்பா வயதுக்காரர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். "ஸூம் போட்டுக் கொடுக்கிற பையன்" என்பார்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். யார் குரல் கேட்கும், யார் குரல் கேட்காது என்பது உங்கள் கையில் இருக்கும். கூட்டத்தில் அதைவிடப் பெரிய பொறுப்பு இல்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறு குழுவுக்கு இந்த வேலையைச் செய்கிறேன். காலங்காலமாக ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கிளையில் இருந்தவர்கள், எதிரணியிலிருந்த ஜ.செ.க. (ஜனநாயக செயல் கட்சி), கெஅடிலான் (மக்கள் நீதிக் கட்சி) ஆதரவாளர்கள், எந்தக் கட்சியும் வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் உண்டு. 2018 தேர்தலோடு இவர்களில் சிலர் வீட்டிலேயே பேச்சு நின்றுபோனது. 2022 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு ம.இ.கா. இருந்த தேசிய முன்னணியும், ஜ.செ.க., கெஅடிலான் இருந்த நம்பிக்கைக் கூட்டணியும் ஒரே அரசாங்கத்தில் உட்கார்ந்தன. கிளையில் கொடி கட்டியவர்களுக்கு மனம் அவ்வளவு சீக்கிரம் ஒட்டவில்லை.

2023 ஆகஸ்ட் 12 மாநிலத் தேர்தலுக்கு முன்பு ஒரு ஸூம் கூட்டம். கிள்ளானிலிருந்து ஒரு பெரியவர் பேசினார். ம.இ.கா. அந்தத் தேர்தலில் ஒரு தொகுதியிலும் நிற்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் கட்சிக்கு உழைத்தவர், அந்த வலியைச் சொல்ல ஆரம்பித்தபோது அவர் குரல் எங்களுக்குக் கேட்காமல் போய்விட்டது. இரவு அவர் மகன் கூப்பிட்டார். "அண்ணே, எங்கப்பா பேசினா மட்டுந்தான் லைன் போகுமா?" என்றார்.

நான் மியூட் செய்யவில்லை. மியூட் செய்திருந்தால் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்ட ஒலிவாங்கி தெரியும். அன்று ஒலிவாங்கிப் படமே இல்லை. அதாவது ஒலி இணைப்பே அறுந்திருந்தது. நடுவில் வந்த தொலைபேசி அழைப்பை அவர் எடுத்திருந்தார். அதை மகனுக்குப் படத்தோடு காட்டினேன். ஏற்றுக்கொண்டார். ஆனால் கூட்டத்தில் இருந்த மற்றவர்களுக்கு எப்படிக் காட்டுவது?

அதனால் அடுத்த கூட்டத்திலிருந்து ஏற்பாட்டை மாற்றினோம். ஒவ்வொரு தரப்பிலிருந்தும் ஒருவர் இணை நடத்துநர். யாரையாவது மியூட் செய்தால் காரணத்தை உடனே அரட்டைப் பெட்டியில் எழுத வேண்டும். நேரம் காட்டும் கடிகாரம் எல்லோர் திரையிலும் ஓடும். இணைப்பு அறுந்தவருக்கு முழு நேரமும் மறுபடி உண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள்: நடத்துநர் மியூட் செய்யலாம், ஆனால் அதை எடுக்க அந்த ஆளே சம்மதிக்க வேண்டும். அந்தக் கேள்வி திரையில் வருவதைப் பெரியவர்கள் பல சமயம் கவனிப்பதில்லை, வாயை அடைத்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் பழக்கிக் காட்டிவிடுங்கள். ஸூம் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று சேரும் நாளிலேயே கேளுங்கள்.

ஒரு பேச்சுக் கூட்டத்துக்கு இத்தனை விதியா என்று சிலர் கேட்பார்கள். ஒரு தடவை சந்தேகம் வந்தால் அந்தத் தரப்பு திரும்பி வராது. நான் யாருக்கு ஓட்டுப் போடுகிறேன் என்பதும் குழுவில் எல்லோருக்கும் தெரியும். அப்புறம் என்ன நடுநிலை என்று கேட்காதீர்கள். நான் செய்வது ஒவ்வொன்றும் அவர்கள் கண் முன்னே நடக்கிறது, அது போதும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல். எல்லாக் கட்சிக்காரர்களும் தமிழ் அறிக்கையைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) படமாகவே அனுப்புகிறார்கள். கண் மங்கியவர்கள் கைப்பேசியை வாசிக்கச் சொன்னாலும் படத்திலிருக்கும் எழுத்து எல்லாருடைய கைப்பேசியிலும் வாசிக்கப்படுவதில்லை. பிறகு தேடினால் கிடைப்பதுமில்லை. தமிழ் மென்பொருள் செய்யும் முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர், தமிழில் தட்டச்சு செய்ய அவருடைய அஞ்சல் விசைப்பலகை ஐபோனிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் கூட்டத்துக்கு முந்தின இரவு இரண்டு தரப்பு அறிக்கையையும் நான் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறேன். அந்த வேலையும் உங்களிடம்தான் வரும்.