ஆஸியா, டியோவா?

அன்புள்ள சார்,

நாங்கள் கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர். சனிக்கிழமை இரவு யாராவது ஒருவர் அறையில் கூடி ராக், மெட்டல் பாடல்கள் கேட்பது வழக்கம். 2025 ஜூலையில் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறந்த வாரம், அவருடைய பழைய குழுவான பிளாக் சபாத்தின் ஆல்பங்களை வரிசையாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். நடுவில் நான், "ஆஸிக்குக் குரலே கிடையாது, அவர் பாட்டுக்குக் கிட்டார் பின்னாலேயே போய்க்கொண்டிருப்பார். அவருக்குப் பதிலாக ரோனி ஜேம்ஸ் டியோ வந்த பிறகுதான் அந்த பேண்டுக்கு ஒரு பாடகர் கிடைத்தார்" என்று சொல்லிவிட்டேன். ஒரு நண்பனுக்குக் கடும் கோபம். "நீ கேட்க ஆரம்பித்தே மூன்று வருஷம்தான் ஆகிறது, உனக்கென்ன தெரியும்" என்றான். அதிலிருந்து அவன் வருவதில்லை.

பிடித்த பாடகரைப் பற்றிப் பேசுவதில் சரி, தவறு என்று உண்டா? அவரவர் ரசனை அவரவருக்கு என்றால் எதற்காகக் கூடிப் பேச வேண்டும்? நீங்கள் கேஸட் காலத்திலிருந்து கேட்பவர். நீங்கள் யார் பக்கம்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

நான் ஆஸி பக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதைத் தேடிக்கொண்டே படிப்பீர்கள். ஆனால் உங்கள் நண்பர் சொன்ன காரணத்தை நான் ஏற்கவில்லை. மூன்று வருஷம் கேட்டவர் வாய் திறக்கக் கூடாது என்றால், முப்பது வருஷம் கேட்டவர்களெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பாட்டைப் பற்றி யார் பேசுவது?

சரி, தவறு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பாட்டு பிடிப்பதில் சரி தவறு கிடையாது. அதைப் பற்றி நாம் சொல்லும் வாக்கியத்தில் உண்டு. "எனக்கு டியோவைப் பிடிக்கும்" என்று நீங்கள் சொன்னால் அதை யாரும் மறுக்க முடியாது, அதற்கு மேல் பேசவும் எதுவும் இல்லை. "ஆஸிக்குக் குரல் இல்லை" என்று சொன்னால் உடனே பாட்டைப் போட்டுப் பார்த்துவிடலாம். நீங்கள் சொன்னது இந்த இரண்டாவது வகை. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னதில் பாதி மிகவும் சரி. மறுபாதி தவறு.

ஆஸி கிட்டார் பின்னால் போகிறார் என்பது சரி. 'அயர்ன் மேன்' பாட்டைக் கேட்டால் யாருக்கும் தெரியும். கிட்டார் எந்தெந்த ஸ்வரங்களில் ஏறி இறங்குகிறதோ அதே ஸ்வரங்களில்தான் அவரும் பாடுகிறார். நம் கச்சேரியில் பாடகர் முன்னே போவார், வயலின் நிழல்போல் தொடரும். பிளாக் சபாத்தில் அது தலைகீழ். கிட்டார்தான் முன்னே போகிறது, மனிதக் குரல் அதன் நிழல். மூன்று வருஷத்தில் இதை உங்கள் காதே கண்டுபிடித்திருக்கிறது என்றால் நீங்கள் நன்றாகவே கேட்கிறீர்கள்.

ஆனால் ஏன் அப்படிப் பாடினார் என்று யோசிக்க, அந்தக் கிட்டாரின் கதைக்குக் கொஞ்சம் போக வேண்டும். பிளாக் சபாத்தின் கிட்டார் டோனி அயோமியுடையது. குழு தொடங்குவதற்கு முன், அவருக்கு 17 வயது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் வேலை. ஒரு இசைக்குழுவோடு வெளிநாடு போவதற்காக வேலையை விட்டிருந்தார், அன்று கடைசி நாள். இயந்திரத்தில் கை மாட்டி வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடதுகைக்காரர். கிட்டாரில் கம்பியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். தொழிற்சாலையின் மேலாளர் ஒரு இசைத்தட்டை அவருக்குப் போட்டுக் காட்டினார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் வாசித்த மேதை அவர். அதைக் கேட்ட பிறகு அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிகளுக்குத் தானே உறை செய்துகொண்டார், அதன்மேல் தோல் ஒட்டினார். விரலுக்கு வலிக்காமல் இருக்க மெல்லிய கம்பிகள் போட்டார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் சில பாடல்களுக்குக் கம்பிகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தியே வாசித்தார். கம்பி தளர்ந்தால் அழுத்துவது எளிது, நாதமும் கீழே இறங்கும், கனக்கும். இன்று ஹெவி மெட்டல் என்றதும் நம் நெஞ்சில் வந்து அழுத்தும் அந்தப் பாரத்தில் இரண்டு விரல்நுனிகளின் கதை இருக்கிறது. எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

அந்தப் பாரத்துக்கு மேலே என்ன குரல் வைப்பது? ஆஸியின் குரல் உயரத்தில் நிற்பது, கொஞ்சம் மூக்கில் வருவது, எங்கும் போய்ப் பயிற்சி எடுக்காதது. பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்து, இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்து, திருட்டுக் குற்றத்துக்காகச் சில வாரம் சிறையிலும் இருந்துவிட்டு வந்த பையனின் குரல். 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டைப் போடுங்கள். மழை, தூரத்தில் தேவாலய மணி, அப்புறம் அந்த மூன்று ஸ்வரங்கள். ஆஸி உள்ளே வரும்போது கிட்டார் தணிகிறது. அங்கே பாடுவது பயந்துபோன ஒரு ஆள். பயிற்சி பெற்ற பாடகர் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் பயத்தை நடித்துக் காட்டியிருப்பார். ஆஸியிடம் நடிப்பு இல்லை. அந்த நடுக்கத்தை நீங்கள் 'குரல் இல்லை' என்று எடுத்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கிட்டார் இல்லாவிட்டால் ஒளிய இடமில்லை என்கிறீர்களா? அதற்கும் பாட்டு இருக்கிறது. 1972இல் வந்த 'வால்யூம் 4' ஆல்பத்தில் 'சேஞ்சஸ்'. கிட்டார் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. பியானோ, மெலோட்ரான் என்ற கீபோர்டு, பேஸ், ஆஸி, அவ்வளவுதான். பியானோ வாசிப்பவர் அயோமி. டிரம்மர் பில் வார்டின் மணவாழ்வு முறிந்த வேதனையில் பிறந்த பாட்டு அது, வரிகள் பேஸ் வாசிக்கும் கீஸர் பட்லருடையவை. நண்பனின் துக்கத்தை இன்னொரு நண்பன் எழுதி மூன்றாவது நண்பன் பாடுகிறான். இதைக் கேட்டுவிட்டு அவருக்குக் குரல் இருக்கிறதா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள்.

இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். டியோவை நான் கேட்காமலே வெறுத்த காலம் ஒன்று உண்டு. விடுதியில் ஒரு சீனியர் 90 நிமிட கேஸட் ஒன்றைப் பதிவு செய்து கொடுத்தார். ஏ பக்கம் ஆஸி பாடிய 'பாரனாய்ட்' ஆல்பம், பி பக்கம் டியோ பாடிய 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பம். ஆஸியை 1979இல் வெளியே அனுப்பிவிட்டு அந்த இடத்துக்கு வேறொருவரைக் கொண்டுவந்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் இரண்டு வருஷம் பி பக்கத்தைப் போடவே இல்லை. ஏ பக்கம் முடிந்ததும் பேட்டரி தீராமல் இருக்கப் பென்சிலைச் செருகிச் சுற்றி மறுபடி முதலிலிருந்து கேட்பேன். ஒரு நாள் காய்ச்சல், படுத்திருந்தேன். அறைத்தோழனின் புது பிளேயரில் ஆட்டோ ரிவர்ஸ் இருந்தது. ஏ பக்கம் முடிந்து அதுவே திரும்பிப் பி பக்கத்துக்குப் போய்விட்டது. எழுந்து நிறுத்தத் தெம்பில்லை.

பெயர்ப் பாட்டான 'ஹெவன் அண்ட் ஹெல்' வந்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தொடக்கத்தில் அயோமியின் அந்தப் பெரிய ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரிசை. பிறகு டியோ பாட ஆரம்பிக்கிறார், கிட்டாரைக் காணோம்! பேஸ் ஒரே சீராக நடந்துகொண்டிருக்கிறது, டிரம்ஸ் இருக்கிறது, மேலே அந்தக் குரல் மட்டும் நிற்கிறது. அயோமி எங்கே போனார் என்று தேடினேன். அவர் வழிவிட்டு நின்றிருந்தார். எட்டு ஆல்பங்களாக எல்லாருக்கும் முன்னால் நடந்த கிட்டார் ஒரு பாடகருக்காக ஒதுங்கி நின்றதை அன்றுதான் கேட்டேன்.

டியோ வேறு வார்ப்பு. சிறுவயதில் டிரம்பெட் வாசித்தவர், தன் மூச்சுக்கட்டு அதிலிருந்து வந்தது என்று சொல்வார். கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோரின் ரெயின்போ குழுவில் பாடிவிட்டு, சொந்த வரிகளோடும் சொந்த மெட்டோடும் வந்தார். ஆஸி காலத்தில் பெரும்பாலான வரிகளை பட்லர் எழுதினார், ஆஸி பாடினார். டியோ அப்படியில்லை. ரிஃப் ஒரு பக்கம் போனால் இவர் அதன் குறுக்கே வேறொரு கோடு இழுப்பார். ஆகவே அந்த பேண்டுக்கு அப்போதுதான் ஒரு பாடகர் கிடைத்தார் என்று நீங்கள் சொன்னதை இப்படித் திருத்திக்கொள்ளலாம்: அயோமிக்கு அப்போதுதான் எதிரே நின்று பாடும் ஒருவர் கிடைத்தார். அதுவரை கூடவே நடக்கும் ஒருவர் இருந்தார். பாடகர் மாறியதும் கிட்டார் வாசிப்பவரும் வேறு ஆளாகிவிட்டார்.

இந்தச் சண்டை ரசிகர்களோடு நிற்கவில்லை. 1992இல் கலிபோர்னியாவில் ஆஸியின் நிகழ்ச்சிக்கு முன்னால் சபாத் வாசிக்க வேண்டும் என்றபோது டியோ மாட்டேன் என்று விலகினார். ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் வந்து பாடிக் கொடுத்தார். ஆனால் 2006இல் அயோமியும் பட்லரும் மறுபடி டியோவோடு சேர்ந்தபோது பிளாக் சபாத் என்ற பெயரை வைத்துக்கொள்ளவில்லை. ஹெவன் அண்ட் ஹெல் என்றே குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. 2010இல் வயிற்றுப் புற்றுநோயால் டியோ இறக்கும்வரை அந்தப் பெயரில்தான் பாடினார். நானும் அப்படித்தான் அலமாரியில் பிரித்து வைத்திருக்கிறேன், இரண்டு குழுக்களாக.

பிறகு ஏன் ஆஸி பக்கம் என்றால், டியோ அற்புதமாகப் பாடுகிறார், நான் கேட்கிறேன். ஆஸி பாடும்போது நானும் கூடவே பாடுகிறேன். பாடத் தெரியாத என்னையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் குரல் அது. உங்கள் காது வேறு இடத்தில் நிற்கலாம். அதை நான் மாற்றப் பார்க்கவில்லை.

உங்கள் நண்பரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னதில் தவறான பாதிக்காக அவர் கோபப்படவில்லை என்றே நினைக்கிறேன். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் ஆஸியின் கடைசி நிகழ்ச்சி நடந்தது. ஆஸி வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே இருக்கும் மைதானம் அது. பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல் ஒரு சிம்மாசனத்தில் உட்கார்ந்துதான் பாடினார். அயோமி, பட்லர், வார்ட் என்று பழைய நால்வரும் இருபது வருஷத்துக்குப் பிறகு ஒன்றாக மேடையில். நான் இணையத்தில் பார்த்தேன். எழ முயன்று முயன்று உட்கார்ந்துவிடும் அந்த மனிதரைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. பதினேழே நாளில், ஜூலை 22 அன்று போய்விட்டார், 76 வயது. அந்த வாரத்தில் உங்கள் நண்பருக்கு அது துக்க வீடு. நீங்கள் சொன்ன கருத்தை இன்னொரு நாள் சொல்லியிருந்தால் அவர் கூடவே உட்கார்ந்து வாதாடியிருப்பார். முதலில் நீங்கள்தான் அவரைப் போய்ப் பார்க்க வேண்டும்.

மூன்று வருஷக் கணக்கைச் சொன்னாரல்லவா, அதற்கும் அதே மைதானத்தில் பதில் இருக்கிறது. அன்று 'சேஞ்சஸ்' பாடியவர் யங்பிளட் என்ற இளம் பாடகர். 1997இல் பிறந்தவர். அந்தப் பாட்டு வந்து 25 வருஷம் கழித்துப் பிறந்த ஒருவர் அதைப் பாட, மைதானமே சேர்ந்து பாடியது.

அடுத்த சனிக்கிழமைக்கு அவரைக் கூப்பிடுங்கள். முதலில் 1972இன் 'சேஞ்சஸ்', உடனே 'ஹெவன் அண்ட் ஹெல்'. நடுவில் யாரும் பேச வேண்டாம். முடிந்த பிறகு அவருக்கு எந்த இடம் பிடித்தது என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள்.