வாய் திறந்தால் மதிப்பெண்

கேள்வி: டெக்சாஸில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஸ்பானிஷ் சொற்களை ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்கிறாள். இருந்தும் ‘பி’தான் வருகிறது. ஏன்?

பதில்: நானும் நியூ ஜெர்சியில் ஸ்பானிஷ் சொல்லித்தருகிறவள்தான், சகோதரி. சொற்கள் ஒரு பகுதி மட்டுமே. கேட்டுப் புரிந்துகொள்வது, பேசுவது, எழுதுவது எல்லாவற்றையும் பார்ப்போம். மதிப்பெண் அளவுகோலை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். என் வகுப்பில் தப்பும் தவறுமாகப் பேசுகிற பிள்ளைக்கு, வாயே திறக்காத பிள்ளையைவிட அதிகம் கிடைக்கும்.

உங்கள் வீட்டிலேயே ஒரு துணை இருக்கிறது: தமிழ். ‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன், ‘ஆப்லாஸ்’ என்றால் பேசுகிறாய். நம் வினைச்சொல் போலவே விகுதியே ஆளைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் யோசிக்கும் பிள்ளைகள் வாக்கியத்துக்கு வாக்கியம் தேவையில்லாமல் ‘யோ’, அதாவது ‘நான்’, போடுவார்கள். அப்புறம், ‘பெரோ’ என்றால் ஆனால். ‘பெர்ரோ’ என்றால் நாய். ‘பெர்ரோ’வை நுனிநாக்கு அதிரச் சொல்லிப் பழகட்டும்.

மொழிபெயர்ப்புச் செயலி வேண்டாம். நடத்தாத இறந்தகால வடிவம் கட்டுரையில் வந்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும். இரவுச் சாப்பாட்டின்போது, தட்டில் இருப்பதைப் பற்றி ஐந்து வாக்கியம் ஸ்பானிஷில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.