பின்னால் அகல டயர்: 255/40 வாங்கலாமா, 255/45 வாங்கலாமா?

கேள்வி: என்னுடையது ரியர் வீல் டிரைவ் கார். நான்கு சக்கரத்திலும் 225/45 ஆர்18 டயர், 8ஜே (8 அங்குல அகல) ரிம், ஆஃப்செட் 40 (காரில் பொருத்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 40 மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி). பின்னால் மட்டும் 9ஜே ரிம் மாட்டி 255 டயர் போட ஆசை. "முன்னால் 45 இருக்கிறது, பின்னாலும் 45 போட்டால்தான் உயரம் ஒத்துவரும்" என்கிறார்கள் கடையில். சரிதானா?

பதில்: தவறு. 255/45 வாங்காதீர்கள். உங்களுக்குப் பொருந்துவது 255/40 ஆர்18.

நடுவில் இருக்கும் 45 மில்லிமீட்டர் கணக்கு அல்ல. டயர் அகலத்தில் 45 சதவீதம் சைடுவால் (டயரின் பக்கச்சுவர்) உயரம் என்று பொருள். அகலம் கூடினால் அதே 45-க்கு உயரமும் கூடிவிடும். போட்டுப் பாருங்கள்: 225-இல் 45 சதவீதம் 101.25 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 202.5. அதோடு 18 அங்குல ரிம்மின் 457.2 மி.மீ. சேர்த்தால் டயரின் மொத்த விட்டம் 659.7. இதே கணக்கில் 255/40-க்கு 661.2 வருகிறது, வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். 255/45-க்கோ 686.7. முன்னால் இருப்பதைவிட 27 மி.மீ. பெரிது, அதாவது 4 சதவீதம்.

அந்த 4 சதவீதத்தைச் சும்மா விடாது கார். பெரிய டயர் மெதுவாகச் சுற்றும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் வழுக்கல் கட்டுப்பாடும் நான்கு சக்கரங்களின் சுழல் வேகத்தை ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கின்றன. நேர்ச்சாலையில் போகும்போதே முன்சக்கரம் வேகமாகச் சுற்றுவதாக அவற்றுக்குத் தோன்றினால் எச்சரிக்கை விளக்கு எரியலாம், தேவையில்லாத நேரத்தில் குறுக்கிடவும் செய்யலாம். முன்பின் விட்ட வித்தியாசம் 1 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

அடுத்தது ரிம். 255/40 டயருக்கு 8.5 முதல் 10 அங்குலம் வரை ரிம் அகலம் ஏற்கும், 9ஜே கச்சிதம். பலர் சறுக்குவது ஆஃப்செட்டில்தான். அதே 40 ஆஃப்செட்டில் 8ஜே-யிலிருந்து 9ஜே-க்குப் போனால் ரிம் உள்ளே 12.7, வெளியே 12.7 மி.மீ. நீளும். டயரும் ஏறத்தாழ அதே அளவு இரு பக்கமும் தள்ளும். ஆகவே பணம் கொடுக்கும் முன் இப்போதைய டயரின் உள்சுவருக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்துவிடுங்கள். உள்ளே இடம் போதாவிட்டால் 35 ஆஃப்செட் ரிம் எடுங்கள். சக்கரம் முழுக்க 5 மி.மீ. வெளியே வரும். வெளியே வந்தால் ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் பாடி) விளிம்பில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, டிக்கியிலும் சுமை ஏற்றிப் பாருங்கள். காலி வண்டியில் உரசாத டயர் பள்ளத்தில் இறங்கும்போது உரசும்.

லோடு இன்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) பழைய டயரைவிடக் குறையக் கூடாது. 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, 95 என்றால் 690 கிலோ. டயர் தாங்கும் உச்ச வேகத்தைக் காட்டும் வேகக் குறியீட்டையும் இறக்காதீர்கள். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருப்பது நல்லது. முன்னும் பின்னும் பிடிமானம் வேறுபட்டால் ஈரச்சாலையில் வண்டியின் குணமே மாறிவிடும்.

கேள்வி: ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும்) காரிலும் இப்படிச் செய்யலாமா?

பதில்: தயாரிப்பாளரே முன்பின் வேறு அளவு கொடுத்திருந்தால் அந்த அளவை மட்டும் போடுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம். விட்டம் வேறுபட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் சக்தி பிரிக்கும் கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடாகும். தேய்மானமும் இதில் சேர்த்தி: முன்டயர் 4 மி.மீ. தேய்ந்த நிலையில் பின்னால் புதிது போட்டால் விட்டத்தில் 8 மி.மீ. வேறுபாடு, 660 மி.மீ. டயரில் அது 1.2 சதவீதம். எவ்வளவு வரை தாங்கும் என்று உங்கள் வண்டியின் கையேட்டில் பாருங்கள்.

கேள்வி: முன்பின் வேறு அளவு போட்டால் டயர் ரொட்டேஷன் (சமமாகத் தேய டயர்களை இடம் மாற்றுவது) எப்படிச் செய்வது?

பதில்: அளவு வேறு என்பதால் முன்டயரைப் பின்னால் மாற்ற வழியில்லை. இடம் வலம் மட்டும் மாற்றலாம். ஒரு திசையில் சுழலும்படி அம்புக்குறி போட்ட டயர் என்றால் அதைக்கூட ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டினால்தான் முடியும். பின்டயர்கள் பெரும்பாலும் முன்னதாகவே தீரும். அகல டயருக்கு விலையும் கூடுதல் என்பதால் அந்தச் செலவை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.