படுத்தால் மறையும் நழுவல்

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் உங்கள் அம்மாவுக்கு, நின்று எடுத்த எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் நாலாவது எலும்பு ஐந்தாவதின் மேல் முன்னால் நழுவியிருக்கிறது, எம்.ஆர்.ஐ.யில் நழுவலே இல்லை, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம்.

எம்.ஆர்.ஐ. மல்லாக்கப் படுக்க வைத்து எடுப்பது. முழங்காலுக்கு அடியில் தலையணையும் வைப்பார்கள். உடம்பின் பாரம் முதுகில் இறங்காததால் தளர்ந்த எலும்பு தன் இடத்துக்குத் திரும்பிவிடும். எழுந்து நின்றால் மறுபடி நழுவும். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ஃபேசட் மூட்டில் (முதுகெலும்புகளைப் பின்பக்கம் இணைக்கும் சின்ன மூட்டு) நீர் என்று எழுதியிருந்தால் மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள், அது எலும்பு நிலையில்லாமல் ஆடுவதற்கான அறிகுறியாக இருக்கலாம்.

குனிந்து ஒன்று, பின்னால் சாய்ந்து ஒன்று எக்ஸ்ரே தேவையா என்றும் கேளுங்கள். சேலத்தில் நான் பார்ப்பதே எக்ஸ்ரே எடுக்கும் வேலைதான். வலிக்குப் பயந்து பலர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் குனிவார்கள், இடுப்பு அசையாது. படத்திலும் ஒன்றும் தெரியாது. அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள், முடிந்த அளவுக்குக் குனிந்தால் போதும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தவுடன் எடுக்காமல் கொஞ்சம் உட்காரட்டும்.

எம்.ஆர்.ஐ. வீண் இல்லை, நரம்பு நசுங்கியிருக்கிறதா என்று அதில்தான் நன்றாகத் தெரியும். கால் பலம் குறைந்தாலோ சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.