பத்து ஃபெரிங்கி இன்னும் எத்தனை பேரைத் தாங்கும்? கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்குத் தீவின் வடகரையில் இயற்கை வழிகாட்டியாக இருக்கிறேன். பள்ளி விடுமுறை நெருங்குவதால், இங்குள்ள பத்து ஃபெரிங்கிக் கடற்கரையில் சேரும் சுற்றுப்பயணிக் கூட்டத்தைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

சுற்றுப்பயணி வந்தால்தானே நமக்குப் பிழைப்பு? கூட்டத்தைக் குறை சொல்லலாமா? (வேன் ஓட்டுநர், பட்டர்வொர்த்)

என் வீட்டு அடுப்பும் அந்த வருமானத்தில்தான் எரிகிறது, தம்பி. யாரையும் வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை அறை கட்டலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், அத்தனை பேருக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும் என்பதை முதலில் கணக்குப் போடட்டும் என்கிறேன். நம் குழாய்த் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் மூடா ஆற்றை நம்பித்தான் இருக்கிறது. அதுவும் பக்கத்து மாநிலமான கெடாவிலிருந்து இறங்கி வரும் ஆறு. பெருநிலத்தில் சுங்கை டுவாவில் சுத்திகரித்து, கடலடிக் குழாய் வழியாகத் தீவுக்கு அனுப்புகிறார்கள். 2024 ஜனவரியில் அங்கே வால்வு மாற்றியபோது நாம் வாளி தூக்கி அலைந்தோமே, அதற்கு இதுதான் காரணம். இந்த நிலையில் புதிய விடுதிக்கு ஒப்புதல் கொடுக்குமுன் தண்ணீர்க் கணக்கைக் கேட்பது தொழிலுக்கு எதிரான பேச்சே அல்ல.

பொராக்காயை மூடியதுபோல் இங்கேயும் சில மாதம் மூடினால் என்ன? (கல்லூரி மாணவி, ஆயர் ஈத்தாம்)

பிலிப்பீன்ஸ் அரசு 2018 ஏப்ரலில் பொராக்காய் தீவைச் சுற்றுப்பயணிகளுக்கு மூடி, ஆறு மாதம் கழித்துத் திறந்தது. கழிவுநீர் நேராகக் கடலில் கலந்ததுதான் முக்கியக் காரணம். தாய்லாந்தின் மாயா விரிகுடாவை 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். அங்கே ஆளே இல்லாதபோது கருந்துடுப்புச் சுறாக்கள் திரும்பி வந்தன. திறந்த பிறகும் படகுகளை விரிகுடாவுக்குள் விடுவதில்லை, பின்பக்கமாகத்தான் இறக்குகிறார்கள். கிடைத்த பலனை நிலைக்க வைப்பது அந்தக் கட்டுப்பாடுதான் என்பது என் கருத்து.

பத்து ஃபெரிங்கியில் ஊரே குடியிருக்கிறது. மூடினால் முதலில் பட்டினி கிடப்பது படகுக்காரரும் அறை துடைக்கும் அக்காவும்தான். அதைவிட, நல்ல மழை பெய்த மறுநாள் ஓடை கடலில் சேரும் இடத்தில் போய் நின்று பாருங்கள். தண்ணீர் கறுத்து நுரைத்து, சாக்கடை நாற்றம் அடித்தால் படம் எடுத்து, நேரமும் இடமும் குறித்து மாநகர் மன்றத்துக்கு அனுப்புங்கள். ஒருவர் அனுப்பினால் கோப்பில் தூங்கும். நாற்பது பேர் அனுப்பினால் யாராவது வந்தே ஆகவேண்டும்.

பிள்ளைகளுக்கு ஆமை காட்ட கெராச்சுட் கடற்கரைக்குப் போகலாமா? (இரண்டு பிள்ளைகளின் தாய், சுங்கை பட்டாணி)

தாராளமாகப் போங்கள், அக்கா. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. ஆமைப் பாதுகாப்பு நிலையமும் உண்டு. ஆனால் தொடவோ தூக்கவோ வேண்டாம். இரவில் டார்ச், கைப்பேசி வெளிச்சம் எதுவும் கூடாது.

காரணம் சொல்கிறேன். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு வெளிச்சமான பக்கத்தைப் பார்த்துத்தான் ஊர்ந்து போகும். இயற்கையில் இரவு நேரத்தில் வெளிச்சமான பக்கம் கடல்வானம். விடுதி விளக்கு எரிந்தால் குஞ்சு கரைப் பக்கம் திரும்பிவிடும். விடிவதற்குள் நண்டு கொத்தும், இல்லையென்றால் வெயிலில் காயும். இன்னொன்று, முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண் குஞ்சுகளே அதிகம் பொரியும். கரையோர மரங்களை வெட்டி நாற்காலி போடும் ஒவ்வொரு இடத்திலும் மணல் சூடேறுகிறது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள்.

ஜார்ஜ்டவுன் மக்களை விரட்டியது யுனெஸ்கோதானே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஜெலுத்தோங்)

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது, ஐயா. உலகப் பாரம்பரிய இடம் என்ற யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது 2008இல். பழைய வீடுகளின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்துவிட்டது. வாடகை ஏறி, பழைய குடித்தனங்கள் அப்போதே கிளம்பத் தொடங்கின. அங்கீகாரம் வந்த பிறகு காலியான வீடுகளில் காப்பிக் கடையும் விடுதியும் புகுந்தன. மிஞ்சியிருப்போரைக் காப்பாற்ற வேண்டும். கடல்மேல் வீடு கட்டிக் குடியிருக்கும் சியூ ஜெட்டிக்குப் போனால், அது இன்னொருவர் வீட்டு வாசல் என்று நினைத்து நடங்கள். சன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

எங்கள் அடுக்குமாடியில் பாதி வீடு அன்றாட வாடகைக்குப் போகிறது. என்ன செய்யலாம்? (கோலாலம்பூர், செந்தூல்)

உங்கள் கையில் சட்டம் இருக்கிறது. மோண்ட் கியாராவில் நடந்த ஒரு வழக்கில், குறுகிய கால வாடகையைத் தடைசெய்ய அடுக்குமாடியின் நிர்வாகக் கழகத்துக்கு அதிகாரம் உண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் கொண்டுவாருங்கள். 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும், வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு வேண்டும். இங்கே பினாங்கில் குடியிருப்புக் கட்டடங்களில் குறுகிய கால வாடகைக்கு 2023இலேயே மாநில அரசு தடை போட்டுவிட்டது. வீட்டுக்காரர்களின் தொலைபேசி எண்களை இப்போதே திரட்ட ஆரம்பியுங்கள். வெளியூரில் இருக்கும் உரிமையாளரிடம் தமக்குப் பதில் இன்னொருவர் வாக்களிக்க அனுமதிக்கும் பிரதிநிதிப் படிவத்தில் கையெழுத்து வாங்கத்தான் அதிக நாள் ஆகும்.