பி வேல்யூ வரலன்னா உங்க தப்புன்னு அர்த்தம் இல்ல

நண்பா, ஒரு பேப்பர்ல குரூப்புக்கு 20 பேர வச்சு பி வேல்யூ (உண்மையில வித்தியாசமே இல்லன்னாலும் இவ்ளோ பெரிய வித்தியாசமோ அதவிட பெருசோ தற்செயலா வர்ற வாய்ப்பு; 0.05க்கு கீழ வந்தா சிக்னிஃபிகன்ட்னு சொல்வாங்க) 0.04 காட்டிருக்காங்க, நீங்க அதே மாதிரி 20 பேர வச்சு செஞ்சா 0.3 வருது, கைடு உங்களத்தான் திட்டுறாருன்னு எழுதிருந்தீங்க. முதல்ல டென்ஷன விடுங்க. 2015ல சயின்ஸ் இதழ்ல வந்த ஆய்வுல 100 சைக்காலஜி சோதனைய திரும்ப செஞ்சு பாத்தாங்க, மூலத்துல 97 சதவீதம் சிக்னிஃபிகன்ட், திரும்ப செஞ்சப்போ வெறும் 36 சதவீதம் தான், எஃபெக்ட் சைஸும் (வித்தியாசம் எவ்ளோ பெருசுங்கிற அளவு) கிட்டத்தட்ட பாதியா சுருங்கிப் போச்சு.

உங்க விஷயத்துல கணக்கே இடிக்குது. உண்மையான வித்தியாசம் 0.5 எஃபெக்ட் சைஸ்னு வச்சுக்கிட்டாலும் குரூப்புக்கு 20 பேர்னா அது உங்க கண்ணுல படுற வாய்ப்பு மூணுல ஒரு தடவதான், 80 சதவீத பவர் (அதாவது அது கண்ணுல படுற வாய்ப்பு) வேணும்னா குரூப்புக்கு 64 பேர் வேணும். இவ்ளோ சின்ன சாம்பிள்ல குருட்டாம்போக்குல பெருசா வந்த ரிசல்ட் மட்டும்தான் 0.05 கோட்டத் தாண்டும், அதத்தான் பிரிண்ட் பண்ணுவாங்க (வராதது டிராயர்ல தூங்கும்). அதனால பி வேல்யூவ விட்டுட்டு உங்க எஃபெக்ட் சைஸையும் கான்ஃபிடன்ஸ் இன்டர்வலையும் (உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) போட்டு கைடுகிட்ட காட்டுங்க, அந்தப் பேப்பர்ல வந்த எஃபெக்ட் சைஸ் அந்த வரம்புக்குள்ளயே விழுந்தாலும் விழும். பேப்பர் எழுதுனவருக்கு மெயில் போட்டு கேள்வித்தாளும் ரா டேட்டாவும் கேளுங்க. தயவுசெஞ்சு 0.05 வர்ற வரைக்கும் ஆள் ஆளா சேத்துட்டே போகாதீங்க.